அடுப்புக்குள் காலை விட்டு சமைத்த பேய்! டூரிங் கொட்டகைகளை கலக்கிய விட்டலாச்சார்யா

திண்டுக்கல்,

வீட்டில் விறகு தீர்ந்து போனால் சாதாரண ஜனங்கள் என்ன செய்வார்கள்? பக்கத்து வீட்டில் கேட்பார்கள். அங்கும் இல்லை என்றால் கடைக்கு ஓடுவார்கள். ஆனால் அந்த பேய் இதில் எதையும் செய்யவில்லை. தன்னுடைய கால்களை நீட்டி அப்படியே அடுப்புக்குள் விட்டது. கால் விறகு மாதிரி எரிந்தது. சமையலும் நடந்தது!

1978-ம் ஆண்டு தெலுங்கில் வெளிவந்து, பிறகு தமிழ் பேசி பட்டிதொட்டி எல்லாம் ஓடிய 'ஜெகன்மோகினி' படத்தில் வரும் காட்சி இது. திண்டுக்கல், வேடசந்தூர், நிலக்கோட்டை, நத்தம் பக்கம் 50 வயதை தாண்டியவர்களிடம் இந்த அடுப்பு விஷயத்தை சொன்னாலே போதும். படத்தின் பெயர் மறந்து போயிருந்தாலும் அந்த கால் மறந்திருக்காது.

இந்த காட்சியை எடுத்தவர் டைரக்டர் பி.விட்டலாச்சார்யா. மாயாஜால மன்னன் என்று கொண்டாடப்பட்டவர். நம்ப முடியாத கதையை யாராவது அளந்து விட்டால், என்னப்பா விட்டலாச்சார்யா படம் மாதிரி இருக்கே என்று கிண்டல் செய்வது இன்றைக்கும் தமிழ்நாட்டில் வழக்கத்தில் இருக்கிறது. ஒரு டைரக்டரின் பெயர் இப்படி ஜனங்களின் வாயில் புகுந்து சொல்லாகவே மாறிப்போனது எத்தனை பேருக்கு நடந்திருக்கிறது?

இத்தனைக்கும் இவர் தமிழர் இல்லை. சினிமா பள்ளிக்கூடம் எதிலும் படித்தவர் இல்லை. பள்ளிக்கூட படிப்பே 3-ம் வகுப்போடு சரி.

9 வயதில் வீட்டை விட்டு...

விட்டலாச்சார்யா 1920-ம் ஆண்டு ஜனவரி மாதம் 28-ந்தேதி கர்நாடகத்தில் உள்ள உடுப்பியில் பிறந்தார். பெற்றோருக்கு 7-வது பிள்ளை. அப்பா ஆயுர்வேத வைத்தியர். தேடி வந்தவர்களுக்கு காசு வாங்காமல் வைத்தியம் பார்த்தவர். காசு வாங்காத வைத்தியர் வீட்டில் இத்தனை பிள்ளைகள் என்றால் நிலைமையை சொல்ல வேண்டியதில்லை.

சின்ன வயதிலேயே விட்டலாச்சார்யாவுக்கு நாடகம், கூத்து என்றால் உயிர். உடுப்பி பக்கம் பயலாட்டம் என்று ஒரு கூத்து உண்டு. அறுவடை முடிந்த வயலில் விடிய விடிய ஆடுவார்கள். நம்ம பக்கத்து திருவிழாக்களில் அரிச்சந்திரா நாடகம் போட்டு, நடுராத்திரிக்கு மேல் மயான காண்டம் வரும்போது சின்னப் பிள்ளைகள் அம்மா சேலைக்குள் ஒளிந்து கொள்வார்களே... அதே மாதிரிதான். அசுரன் வேஷம், பெரிய கிரீடம், தீப்பந்த வெளிச்சம், திடீர் என்று ஒரு அலறல். பின்னால் அவர் எடுத்த படங்களில் வந்தது எல்லாம் இந்த சரக்குதான்.

9 வயதில் வீட்டை விட்டு கிளம்பிய அவர் ஹாசன் மாவட்டத்தில் உள்ள அரசிக்கெரே என்ற ஊருக்கு வந்து சேர்ந்தார். கிடைத்த வேலையை எல்லாம் செய்தார். பிறகு உறவினர் ஒருவரிடம் இருந்து உடுப்பி ஓட்டல் ஒன்றை வாங்கி நடத்தினார். நன்றாகவே நடந்தது. 1942-ல் வெள்ளையனே வெளியேறு போராட்டம் வந்தது. நண்பர்களோடு சேர்ந்து அதில் குதித்து ஜெயிலுக்கு போனார். வெளியே வந்ததும் ஓட்டலை தம்பி கையில் கொடுத்து விட்டார்.

அதற்கு பிறகு அவர் செய்த தொழில்தான் முக்கியம். டி.ஷங்கர் சிங் உள்ளிட்ட நண்பர்களோடு சேர்ந்து அரசிக்கெரேயில் டூரிங் டாக்கீஸ் ஆரம்பித்தார். ஒன்று 4 ஆனது. கொட்டகையை நேரடியாக பார்த்துக் கொண்டவர் விட்டலாச்சார்யாதான். வந்த படம் ஒன்றை விடாமல் பார்த்தார். படத்தை மட்டும் இல்லை, படம் பார்க்கிற ஜனங்களையும் பார்த்தார். எந்த இடத்தில் விசில் அடிக்கிறார்கள், எந்த இடத்தில் எழுந்து வெளியே பீடி குடிக்க போகிறார்கள் என்பது எல்லாம் கொட்டகை முதலாளிக்கு அத்துப்படி ஆகி விடும்.

மணல் தரையில் உட்கார்ந்தவர்கள்

டூரிங் கொட்டகை என்றால் இந்த காலத்து பிள்ளைகளுக்கு தெரியாது. கீற்று அல்லது டெண்ட் துணி கூரை. பக்கவாட்டில் இடுப்பளவு சுவர் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் தட்டி. தரை டிக்கெட் வாங்கினால் மணலில் உட்கார வேண்டும். முன்னால் இருப்பவர் தலை மறைத்தால் மணலை குவித்து மேடு கட்டி அதன் மேல் உட்காரலாம். அடுத்து பெஞ்சு, அதற்கு பிறகு சேர். பாதி ஊருக்கு கேட்கிற மாதிரி குழாய் ரேடியோவில் சாமி பாட்டு போட்டால் டிக்கெட் கொடுக்க ஆரம்பித்து விட்டார்கள் என்று அர்த்தம். பகலில் வெளிச்சம் உள்ளே வரும் என்பதால் படம் ஓட்ட முடியாது. சாயங்காலம் ஒரு ஆட்டம், ராத்திரி ஒரு ஆட்டம். அவ்வளவுதான்.

பெரும்பாலும் ஒரே புரொஜக்டர்தான் இருக்கும். அதனால் ரீல் மாற்றும்போது எல்லாம் படம் நின்று விடும். டவுன் தியேட்டரில் ஒரு இடைவேளை என்றால் கொட்டகையில் மூன்று நான்கு. ஒவ்வொரு இடைவேளையிலும் முறுக்கு, கடலை, சோடா என்று சத்தம்.

திண்டுக்கல் அப்போது மதுரை மாவட்டத்தில் இருந்தது. தனி மாவட்டம் ஆனது 1985-ல்தான். பூட்டுப் பட்டறையில் அரம் பிடித்தவர்கள், தோல் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டிக்கு பக்கத்தில் நின்றவர்கள், சின்னாளபட்டியில் தறி நெய்தவர்கள், நிலக்கோட்டை பக்கம் விடியற்காலையில் எழுந்து மல்லிகை பறித்தவர்கள், ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் மூட்டை தூக்கியவர்கள்... இவர்களுக்கு எல்லாம் ராத்திரி ஆட்டம்தான் கதி. உடம்பு அசதி. கண்ணை இழுக்கும். மணலில் சாய்ந்தால் தூக்கம் வந்து விடும். அப்படிப்பட்ட ஆளை உட்கார வைத்து படம் காட்ட வேண்டும் என்றால் சும்மா ஆகாது.

இந்த மாதிரி ஜனங்களுக்கு நடுவேதான் விட்டலாச்சார்யா தொழில் கற்றார்.

மைசூரில் இருந்து மெட்ராஸ்

1944-ல் கல்யாணம். பிறகு மைசூருக்கு குடி போனார். ஷங்கர் சிங்குடன் சேர்ந்து மகாத்மா பிக்சர்ஸ் என்ற கம்பெனியை நடத்தினார். அந்த கம்பெனி வரிசையாக கன்னட படங்களை தயாரித்தது. அதில் 1951-ல் வந்த ஒரு படத்தின் பெயரும் ஜெகன்மோகினிதான். அதை டைரக்ட் செய்தவர் ஷங்கர் சிங். படம் வாரக்கணக்கில் ஓடியது. அந்த பெயரில் ஒரு ராசி இருப்பதை விட்டலாச்சார்யா மனதில் குறித்து வைத்துக் கொண்டார் போல. சரியாக 27 வருடம் கழித்து அதே பெயரை மறுபடியும் எடுத்தார்.

பிறகு தனியாக விட்டல் புரொடக்சன்ஸ் என்ற கம்பெனி தொடங்கினார். தென்னிந்திய சினிமாவுக்கு அப்போது தலைநகரம் மெட்ராஸ்தான் என்பதால் அங்கே வந்து சேர்ந்தார். ஆரம்பத்தில் அவர் எடுத்தது பேய் படம் இல்லை. குடும்ப படங்கள். தமிழில் 1959-ல் 'பெண் குலத்தின் பொன் விளக்கு' என்ற படத்தையும் இயக்கினார். இந்த விஷயம் பல பேருக்கு தெரியாது.

அதே சமயத்தில் தெலுங்கில் ராஜா ராணி, மந்திரவாதி, பாதாள குகை என்று மாயாஜால கதைகளுக்கு பெரிய மவுசு. 1951-ல் என்.டி.ராமராவ் நடித்து தமிழிலும் வந்த 'பாதாள பைரவி'தான் இதற்கு எல்லாம் பிள்ளையார் சுழி. அதை எடுத்தது விஜயா கம்பெனி. பணத்தை கொட்டி பிரமாண்டமாக எடுத்தார்கள். விட்டலாச்சார்யாவிடம் அவ்வளவு பணம் கிடையாது. ஆனால் அதே பாதாளம், அதே மந்திரவாதியை கொஞ்சம் காசில் காட்ட முடியும் என்ற தைரியம் இருந்தது. காந்தாராவை கதாநாயகனாக போட்டு வரிசையாக எடுத்தார். கத்தி சண்டை என்றால் காந்தாராவ் என்று ஆந்திராவில் ஆனது.

பிறகு என்.டி.ராமராவே வந்தார். 1963-ல் 'பந்திபோட்டு', 1964-ல் 'அக்கி பிடுகு', 1965-ல் 'மங்கம்மா சபதம்' என்று தொடங்கி 10-க்கும் மேற்பட்ட படங்களில் இருவரும் சேர்ந்தார்கள். இதில் நம்ம ஆட்களுக்கு சுவாரசியமான சேதி ஒன்று உண்டு. 1969-ல் 'கண்டிகோட்டா ரகசியம்', 1970-ல் 'அலிபாபா 40 தொங்கலு' ஆகிய இரண்டு படங்களிலும் என்.டி.ராமராவுக்கு ஜோடி ஜெயலலிதா. ராமராவ் 1983-ல் ஆந்திர முதல்-மந்திரி ஆனார். ஜெயலலிதா 1991-ல் தமிழக முதல்-மந்திரி ஆனார். பின்னால் முதல்-மந்திரி ஆகப்போகிற இரண்டு பேரை ஒரே படத்தில் ஆட வைத்தவர் 3-ம் வகுப்பு படித்த இந்த ஓட்டல்காரர்!

ஆட்டுக்குட்டி ஆன நடிகர்

சிக்கனத்துக்கு விட்டலாச்சார்யாவை மிஞ்ச ஆள் இல்லை. ஒரு படத்துக்கு போட்ட அரண்மனை செட் வண்ணம் மாறி அடுத்த படத்தில் வேறு ராஜாவின் அரண்மனை ஆகி விடும். சினிமா வட்டாரத்தில் இவரைப் பற்றி இன்றைக்கும் சொல்லி சிரிக்கிற கதை ஒன்று இருக்கிறது. நடிகர் யாராவது கால்ஷீட்டில் தகராறு செய்தாலோ, சம்பளத்தை ஏற்றிக் கேட்டாலோ இவர் சண்டை போட மாட்டாராம். கதையில் மந்திரவாதி வந்து சாபம் கொடுப்பாராம். அந்த நடிகர் ஆடாகவோ, கிளியாகவோ மாறி விடுவாராம். மீதி படம் முழுக்க ஆட்டை வைத்தே எடுத்து முடித்து விடுவாராம். ஆடு சம்பளம் கேட்காதே!

நடந்ததோ இல்லையோ, அவர் படங்களில் மனிதர்கள் அடிக்கடி மிருகமாக மாறுவது என்னவோ உண்மை.

கம்ப்யூட்டர் கிராபிக்ஸ் இல்லாத காலம். எல்லாமே கேமிராவிலேயே செய்ய வேண்டும். ஆள் மாயமாக மறைய வேண்டுமா? கேமிராவை நிறுத்த வேண்டும். மற்ற நடிகர்கள் ஆடாமல் அசையாமல் நிற்க, மறைய வேண்டியவர் மட்டும் நடந்து வெளியே போய் விட வேண்டும். மறுபடி கேமிராவை ஓட விட்டால் திரையில் ஆள் சட்டென்று மறைந்து விடுவார். பிரான்ஸ் நாட்டில் மேடை மாயாஜாலக்காரராக இருந்த ஜார்ஜ் மெலியே என்பவர் 1896-லேயே இந்த தந்திரத்தை செய்து காட்டி விட்டார். ஒரே ஆள் இரட்டை வேஷத்தில் எதிரெதிரே நிற்க வேண்டும் என்றால் லென்சில் பாதியை கறுப்பாக மறைத்து ஒரு பக்கம் எடுப்பார்கள். பிறகு பிலிமை பின்னால் சுற்றி, மறைப்பை மாற்றி, மறுபக்கம் எடுப்பார்கள். கோடு ஒரு இழை தப்பினாலும் குட்டு வெளிப்பட்டு விடும். பறக்கிற ஆளுக்கு கம்பி. இடிந்து விழுகிற கோட்டைக்கு சின்ன பொம்மை கோட்டை.

அடுப்பு காட்சிக்கும் இந்த மாதிரி சில்லறை வேலைதான் தேவை. டம்மி காலும், சரியான கோணமும் இருந்தால் போதும். விஷயம் தந்திரத்தில் இல்லை. பேய்க்கு சமையல் வேலை கொடுக்கலாம் என்று தோன்றியதே, அங்கேதான் இருக்கிறது.

பேய் படத்தில் எத்தனை ஜாதி

பேய் படம் என்று ஒரே பெயரில் சொன்னாலும் அதில் பல வகை உண்டு. வெள்ளைக்காரன் நாட்டில் 1931-ல் ரத்தம் குடிக்கும் டிராகுலாவும், பிணத்தை தைத்து செய்த பிராங்கன்ஸ்டீன் பூதமும் வந்தன. 1960-ல் 'சைக்கோ' வந்த பிறகு பக்கத்து அறையில் இருக்கிற மனுஷனே பேயை விட பயங்கரமானவன் என்று ஆனது. 1973-ல் 'எக்சார்சிஸ்ட்' படத்தில் சின்ன பெண்ணின் உடம்பில் சாத்தான் புகுந்தது. பாதிரியார் வந்து விரட்டினார்.

தமிழிலும் ஒவ்வொரு வகைக்கும் ஆள் இருந்தார்கள். வீணை வித்வான் எஸ்.பாலசந்தர் 1954-ல் 'அந்த நாள்', 1964-ல் 'பொம்மை', 1970-ல் 'நடு இரவில்' என்று எடுத்தார். அதில் பேய் கிடையாது. மர்மம்தான் பேய். ஸ்ரீதர் 1963-ல் 'நெஞ்சம் மறப்பதில்லை' எடுத்தார். அது மறுபிறவி கதை. 1978-ல் ரஜினிகாந்த் நடித்த 'ஆயிரம் ஜென்மங்கள்' உடம்பில் ஆவி புகுகிற கதை. 1979-ல் வந்த 'நீயா' பழி வாங்கும் பாம்பு கதை.

பாலசந்தர் வகை படத்துக்கு அமைதி வேண்டும். கதவு கிறீச்சிடுவதும், நிழல் நகர்வதும் காதிலும் கண்ணிலும் விழ வேண்டும். பேயை கடைசி வரை மறைத்து வைத்தால்தான் பயம் ஏறும். நாலு இடைவேளை விடுகிற கொட்டகையில், குழந்தை அழ, சோடா பாட்டில் உருள, பக்கத்தில் குறட்டை கேட்க இதை எப்படி காப்பாற்றுவது? ரீல் மாற்றும் ஒவ்வொரு தடவையும் ஏறிய பயம் இறங்கி விடும்.

விட்டலாச்சார்யா மறைக்கவே இல்லை. பேயை ஆரம்பத்திலேயே காட்டி விட்டார். பெரிய ரீல் ஒன்று ஆயிரம் அடி, ஓடுவது 11 நிமிஷம். அவர் படத்தை கூர்ந்து பார்த்தால் ஏறக்குறைய ரீலுக்கு ஒரு வேடிக்கை என்று கணக்கு போட்டு வைத்த மாதிரி இருக்கும். ஒரு ரீலில் மண்டை ஓடு பேசும். அடுத்த ரீலில் கை நீண்டு கொண்டே போகும். அடுத்ததில் பேய் ஆடும், பாடும். இடையில் தூங்கிப் போனவன் எழுந்தாலும் நஷ்டம் இல்லை. கதை புரியும். கொட்டகை முதலாளியாக இருந்த ஆளுக்குத்தான் இந்த கணக்கு பிடிபடும்.

இன்னொன்று. மேல்நாட்டு பேயை விரட்ட சிலுவை வேண்டும். இவருடைய பேயை விரட்ட வேப்பிலை, எலுமிச்சம்பழம், குங்குமம், கடைசியில் சூலத்தோடு அம்மன். உடுக்கை அடித்து பேய் ஓட்டுகிற கோடாங்கியை தெருவிலேயே பார்த்தவர்களுக்கு, மாசி மாதம் கோட்டை மாரியம்மன் கோவிலில் விரதம் இருக்கிற குடும்பங்களுக்கு இதை யாரும் விளக்க தேவையில்லை. அம்மன் திரையில் வந்தால் கொட்டகையிலேயே கையெடுத்து கும்பிட்டார்கள். சில பெண்களுக்கு அருளே வந்து விடும்.

ஜெகன்மோகினி

1978-ல் வந்த ஜெகன்மோகினியில் இது அத்தனையும் ஒன்றாக சேர்ந்தது. நரசிம்மராஜு கதாநாயகன். பிரபா அவருடைய மனைவியாக நடித்தார். மோகினி பேயாக வந்தவர் ஜெயமாலினி. ஒரு டான்சுக்கு மட்டும் வந்து போகிற நடிகையாக அவரை மற்ற டைரக்டர்கள் வைத்திருந்தார்கள். விட்டலாச்சார்யா படத்தின் பெயரையே அவருக்கு கொடுத்தார்.

காதலித்தவனால் ஏமாற்றப்பட்ட பெண் செத்து பேயாகி அவனை தேடி வருகிறாள். இதுதான் கதையின் முடிச்சு. ஒரு பக்கம் பேய், இன்னொரு பக்கம் தெய்வத்தை நம்பி நிற்கிற மனைவி. இருவருக்கும் நடுவில் ஒரு ஆம்பளை. உற்று கவனித்தால் இந்த பேய் மேல் கோபம் வராது. பாவம் என்றுதான் தோன்றும். ஏமாந்த பெண்ணுக்கு பஞ்சாயத்தில் நியாயம் கிடைக்காது, ஊர் அவளைத்தான் பேசும். செத்த பிறகாவது வந்து கேட்கட்டும் என்று தரை டிக்கெட்டில் உட்கார்ந்த பெண்கள் நினைத்திருந்தால் ஆச்சரியம் இல்லை. நல்லதங்காள் கதைக்கு அழுத ஊர்தானே இது.

பயமும் வேண்டும், சிரிப்பும் வேண்டும் என்று அவர் வைத்த அளவு சாமர்த்தியமானது. அடுப்பில் கால் எரியும்போது குழந்தை அலறும். பெரியவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். சிரிப்பு எல்லாம் கொட்டகைக்கு உள்ளே மட்டும்தான். ஆட்டம் முடிந்து ராத்திரி ஒரு மணிக்கு மாட்டு வண்டியிலும், சைக்கிளிலும், நடந்தும் ஊர் திரும்ப வேண்டும். தெருவிளக்கு இல்லாத ரோடு. இரண்டு பக்கமும் புளியமரம். புளியமரத்தில் என்ன இருக்கும் என்பது நம்ம ஊரில் எல்லோருக்கும் தெரியும். கூட்டமாக சேர்ந்து சத்தமாக பேசிக்கொண்டே நடப்பது தைரியத்துக்காகத்தான்.

தெலுங்கில் வசூலை அள்ளிய படம் தமிழ் பேசி வந்து இங்கேயும் சக்கைபோடு போட்டது. டப்பிங் படம் என்று யாரும் ஒதுக்கவில்லை. வாய் அசைவு ஒட்டாவிட்டால் என்ன, பேய்க்கு வாய் அசைவா முக்கியம்? பிறகும் பல வருடங்களுக்கு பெட்டி ஊர் ஊராக சுற்றியது.

படித்தவர்கள் முகம் சுளித்தார்கள்

பத்திரிகை விமர்சகர்கள் இவரை பெரிதாக மதிக்கவில்லை. குழந்தைத்தனம், மூட நம்பிக்கை, மலிவு சரக்கு என்று தள்ளினார்கள். இதில் பாதி நியாயமும் இருக்கிறது. கவர்ச்சி டான்சை தேவைக்கு மேல் திணித்தார். ஒரே கதையை பெயர் மாற்றி திரும்பத் திரும்ப எடுத்தார். 1984-ல் 'நவமோகினி', 1986-ல் 'மோகினி சபதம்' என்று மோகினியை லேசில் விடவில்லை. செய்வினை, மந்திரவாதம் என்று சொல்லி ஏழை ஜனங்களின் காசை பிடுங்குகிற ஆசாமிகள் நாட்டில் இருக்கும்போது மந்திரவாதியை இவ்வளவு சக்தி உள்ளவனாக காட்டலாமா என்ற கேள்வியையும் ஒதுக்க முடியாது. அவர் படத்தில் அந்த மந்திரவாதி கடைசியில் தோற்றுத்தான் போவான் என்பது வேறு விஷயம்.

ஆனால் மலிவு என்பதை குறையாக சொன்னவர்கள் ஒன்றை மறந்து விட்டார்கள். மலிவாக எடுத்ததால்தான் அந்த படம் மலிவான டிக்கெட்டுக்கு கடைசி ஊர் கொட்டகை வரை வந்தது. இந்தியில் இதே வேலையை ராம்சே சகோதரர்கள் செய்தார்கள். 1972-ல் ஆரம்பித்து, 1984-ல் வந்த 'புரானா மந்திர்' உள்பட சின்ன ஊர்களை நம்பியே பேய் படம் எடுத்தார்கள். அவர்களைப் பற்றி புத்தகங்கள் வந்து விட்டன. மொத்தம் சுமார் 70 படங்கள் எடுத்த விட்டலாச்சார்யாவைப் பற்றி தமிழில் பேச்சோடு சரி.

அதே சமையல், புது அடுப்பு

1980-களில் டி.வி.யும், வீடியோ டெக்கும் வந்தன. 90-களில் கேபிள் வந்தது. டூரிங் கொட்டகைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. சில இடத்தில் கல்யாண மண்டபம் வந்தது, சில இடம் குடோன் ஆனது, பல இடம் வீட்டு மனையானது. விட்டலாச்சார்யாவும் 1990-களின் தொடக்கத்தோடு ஓய்ந்தார். 1995-ல் கோடி ராமகிருஷ்ணா எடுத்த 'அம்மன்' படம் கம்ப்யூட்டர் கிராபிக்சோடு வந்து ஓடியபோது, பழைய பெருசுகள் இது விட்டலாச்சார்யா போட்ட ரோடு என்றுதான் பேசிக் கொண்டார்கள்.

அந்த ரோட்டில் இன்னும் வண்டி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. 2007-ல் ராகவா லாரன்ஸ் 'முனி' எடுத்தார். 2011-ல் 'காஞ்சனா' வந்தது. நிலத்தை பிடுங்கி கொன்றவர்களை தேடி வரும் திருநங்கை ஆவி, நடுவில் வயிறு வலிக்க சிரிப்பு. சுந்தர்.சி. 2014-ல் தொடங்கிய 'அரண்மனை' வரிசையில் 4-வது படம் 2024-ல் வந்து நன்றாக ஓடியது. அநியாயமாக செத்த பெண், பங்களா, காமெடி கும்பல், கடைசியில் அம்மன். எந்த மசாலாவும் புதுசு இல்லை.

வேடிக்கை என்னவென்றால், 2009-ல் நமீதாவை வைத்து என்.கே.விஸ்வநாதன் டைரக்ஷனில் ஜெகன்மோகினியையே தமிழில் மறுபடியும் எடுத்தார்கள். கலர் பளபளப்பு, கிராபிக்ஸ் எல்லாம் இருந்தது. ஆனால் படம் எடுபடவில்லை.

அதைப் பார்க்க விட்டலாச்சார்யா உயிரோடு இல்லை. 1999-ம் ஆண்டு மே மாதம் 28-ந்தேதி சென்னையில் அவர் காலமானார். அவருக்கு வயது 79. மாயாஜால மன்னன் பிறந்ததும் 28-ந்தேதி, மறைந்ததும் 28-ந்தேதி என்பது குறிப்பிடத்தக்கது.